தடிப்பாலத்தை யாரும் சரிசெய்ய வேண்டாம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார்கள். தரும்போதே, "ஏட்டி, ஆத்திரத்தையெல்லாம் கொட்டி எழுதிராத. நாலு பேரு படிக்கது" என்றும் சொன்னார்கள். எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி இரண்டு இடங்களை அடித்துவிட்டேன். மிச்சத்திலும் ஆத்திரம் தெரிந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில். ஒரு காலத்தில் வயலும் தோப்பும் இருந்த குடும்பம். அப்பாவுக்கு விவரம் தெரியும்போது வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. பத்து வயதில் தகப்பனாரை இழந்தார்கள். பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும், பதிவு அலுவலகத்தின் எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்தார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் அங்கேயே நிலைத்தார்கள். பின்னாளில் தாமே பத்திர எழுத்தராகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலைச் செய்தார்கள். திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் ஊரான இந்த ஊருக்கே குடிவந்துவிட்டார்கள்.

நிலத்தைக் காலால் நடந்து பார்க்காமல் அப்பா ஒருபோதும் நான்கெல்லை எழுதியதில்லை. கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால் என்று விற்பவர் சொல்வதை அப்படியே எழுதிக் கொடுத்தால் ஒரு நாளில் மூன்று பத்திரம் முடிக்கலாம். அப்பாவோ குடையை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கப் போய்விடுவார்கள். "எல்லையத் தப்பா எழுதுனா ரெண்டு குடும்பம் வெட்டிக்கிட்டுச் சாவும்" என்பார்கள். எதிர்த்து யாரும் பேசியதில்லை, அம்மாவைத் தவிர.

எங்கள் ஊருக்கும் பேருந்து போகும் பெரிய ரோட்டுக்கும் நடுவே கால்வாய் ஓடுவது இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தபோது தெரிந்துகொண்டிருப்பீர்கள். இரண்டு பனந்தடிகளைக் குறுக்கே போட்டு வைத்திருப்பதைத்தான் தடிப்பாலம் என்கிறோம். அணையில் தண்ணீர் திறந்து கால்வாய் நிறைந்து போகும் மாதங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நாற்று நடப் போகும் பெண்கள், பால்காரர் எல்லோரும் அந்தத் தடிகளின் மேல்தான் நடக்க வேண்டும். வண்டி வர வேண்டுமானால் அடுத்த ஊர் வழியாக ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மழையில் அந்த மண் பாதையும் அடைபட்டுவிடும்.

அப்பா தொழிலை விட்ட பிறகு கையில் எடுத்துக்கொண்டது இந்தப் பாலத்தைத்தான். மனுவையும் பத்திரம் போலவே எழுதினார்கள். "கிழக்கே பெரிய ரோடு, மேற்கே எங்கள் ஊர், வடக்கே மடை, தெற்கே இசக்கியம்மன் கோவில், இதற்குள்பட்ட இடத்தில் பாலம் ஒன்று கட்ட நிதி ஒதுக்கித் தர வேண்டுகிறோம்." கண்ணில் புரை விழுந்த பிறகு அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. நான்காவது பிரதியில் எழுத்து மங்கிவிடுவதால் அதை மட்டும் தனியாக எழுத வேண்டும்.

அந்த மனுக்கள் போன வழியை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை வலிக்கிறது. ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுத்தால் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றியத்தில், கால்வாய் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம் என்று அங்கே அனுப்பினார்கள். பொதுப்பணித் துறையினர், தண்ணீர்தான் எங்களுடையது, அதன்மேல் போகும் பாதை ஊராட்சியுடையது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது ஊராட்சிக்குத் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஒருவர் பார்த்துவந்தார். அவர் மனுவை மறுபடியும் ஒன்றியத்துக்கு அனுப்பினார். ஒவ்வோர் அலுவலகமும் தான் அனுப்பிவிட்டதாக அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டது. வாசலில் தபால்காரர் நின்றால் அம்மா உள்ளேயிருந்தே, "வந்துட்டா உங்க பாலம்? எந்த வழியா வந்துச்சாம், தபால்லயா?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கோப்பில் வைப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வலி எடுத்தது கால்வாயில் தண்ணீர் நிறைந்து போன நாள் ஒன்றின் காலையில். சுற்றுவழி மழையில் அடைபட்டிருந்ததால் வாடகைக் கார் ரோட்டிலேயே நின்றது. தடியில் ஒற்றை ஆள்தான் நடக்க முடியும். யாரும் பக்கத்தில் வந்து தாங்க இடமில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கிவிட்டார்கள். இடுப்புக்கு மேல் தண்ணீர். கீழே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஓர் அடி வைத்தால் தாமும் ஓர் அடி வைத்தார்கள். "தண்ணியப் பாக்காத தாயி. என் மூஞ்சியப் பாரு. பைய வா, பைய வா." அப்படித்தான் என் மகள் இந்த உலகத்துக்கு வந்தாள். மருத்துவமனையில் அப்பா ஈர வேட்டியோடு மாலை வரை நின்றதாக என் கணவர் பிறகு சொன்னார்.

அதற்குப் பின்வந்த மனுவில் இதையும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "சொந்த வீட்டுக் கதைய எழுதுனா நமக்கு மட்டும் கேக்குத மாதிரி இருக்கும்" என்று அப்பா மறுத்தார்கள். எழுதாமல் விட்டேன். எழுதியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

ஒருவழியாக ஒரு பொறியாளர் இடத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு மனிதர் நேரில் வருகிறார். அன்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன்.

பொறியாளர் வருவதற்கு முந்தின நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தடிப்பாலத்தைப் பார்க்கப் போனேன். ஒரு தடி நடுவில் உளுத்துப்போய் இருந்தது. எனக்கு எதைக் கண்டாலும் பயம். வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்த சார் விழுந்து கிழுந்து வச்சா கோவத்துல மனுவையே கிழிச்சிருவாரு. அந்தத் தடிய என்னமாச்சும் பண்ணுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அப்பா உடனே பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். வயல் வேலையிலும் மர வேலையிலும் கைதேர்ந்தவர் அவர். அவருக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்கு வாரவருக்கு இதச் சரி பண்ணிட்டுப் பொறவு என்னத்தக் காட்டுவிய?"

"வாரவரு நம்ம ஊருக்கு விருந்தாளிலே. தண்ணில விழுந்தா நல்லா இருக்குமா?"

"விழுந்தாத்தான் அண்ணாச்சி நல்லா இருக்கும்!"

"ஏலே, சும்மா கெட. தடிய மாத்து."

மாற்றினார்கள். புதுத் தடி போட்டார்கள். இரண்டு தடிகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடுக்கில் களிமண் அடைத்து, பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில் கழியும் கட்டினார்கள். எங்கள் ஊர் உண்டான நாளிலிருந்து தடிப்பாலம் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. மறுநாள் பொறியாளர் மூங்கிலைத் தொடாமலே நடந்து வந்தார்.

"உறுதியாத்தானே இருக்கு?" என்றார்.

"நேத்து போட்டது சார். நீங்க வாரியேன்னு போட்டோம். ஒரு மழைக்குத் தாங்காது" என்று அப்பா உண்மையைச் சொன்னார்கள்.

"அப்ப ஊர்க்காரங்களே நல்லாப் பராமரிக்கீங்க" என்று அவர் பாராட்டி, அதைக் குறித்தும் கொண்டார். அம்மா கொடுத்த உளுந்த வடையையும் காப்பியையும் சாப்பிட்டு, என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில், ஊர் மக்களால் பராமரிக்கப்படும் நடைபாலம் நல்ல நிலையில் பயன்பாட்டில் உள்ளதால் புதிய பாலத்துக்கான தேவை எழவில்லை என்று இருந்தது. கடிதம் வருவதற்கு முன்பே ஒரு மழையில் களிமண் கரைந்து, மூங்கிலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது.

கடிதம் வந்த அன்று நான் அப்பாவிடம் பேசியதை அம்மா அடிக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை. "உங்க மரியாதையாலதாம்ப்பா பாலம் போச்சு. பத்து வருசமா எழுதுனத ஒரு நாள்ல கெடுத்துட்டிய" என்று கத்தினேன். குழந்தை அழுதது. தடியை மாற்றச் சொன்னவள் நீதானே என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "கார்பன் தாள் இருக்கா பாரு தாயி. இன்னொண்ணு எழுதுவோம்" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. சுற்றுவழி மண் பாதை மூழ்கிக் கிடந்தது. கார் ரோட்டில் நின்றது. நாற்காலியில் உட்காரவைத்து, சுடலைமுத்து அண்ணனும் இன்னும் மூன்று பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். நடுவில் அண்ணனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலியை விடவில்லை. அக்கரை சேர வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அப்பா நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். நினைவு நன்றாக இருந்தது. பாலத்தைப் பற்றியோ மனுவைப் பற்றியோ கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டது வேறு. "சுடலைக்குக் கால் வழுக்குச்சே, சுளுக்குக் கிளுக்கு உண்டா? எண்ண தேய்க்கச் சொல்லு." அதுதான் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

பதினாறாம் நாள் முடிந்து சில வாரங்களில் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மனு மறுபரிசீலனையில் உள்ளது, மனுதாரர் நேரில் வரவும் என்று. மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனேன்.

"மனுதாரர் வரலியா?" என்றார் அலுவலக எழுத்தர்.

"அப்பா தவறிட்டாங்க சார்."

அவர் உச்சுக்கொட்டினார். உண்மையாகவே வருந்தினார். பிறகு, "அப்ப இந்த மனு முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

"பாலம் இன்னும் கட்டலியே சார்."

"பாலம் வேற, மனு வேறம்மா. உங்க பேர்ல புதுசா ஒண்ணு போடுங்க."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நான்கெல்லை மனப்பாடமாக இருந்தது. இந்த முறை என் பிரசவத்தையும் எழுதினேன், அப்பாவின் நாற்காலியையும் எழுதினேன். சொந்த வீட்டுக் கதைதான். அப்பா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதன் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்து, புதிதாக வந்த தலைவர் அம்மாள் அதன் பிரதியில் தாமும் கையெழுத்திட்டுத் தந்தார்கள். ஆண்டுத் திவசம் முடிந்த அடுத்த புதன்கிழமை இடத்தைப் பார்க்க வருவதாகப் பதில் வந்திருக்கிறது.

அப்பாவைத் தூக்கிக் கடந்த நால்வருக்கும், மூன்று இரவுகள் கண் விழித்த செவிலியருக்கும், சுற்றுவழியில் சேற்றைத் தள்ளிக்கொண்டு துக்கத்துக்கு வந்து சேர்ந்த உறவினர் அனைவருக்கும், கார்பன் பிரதிகளைக் கோப்பில் அடுக்கி வைத்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கூடவே ஒரு வேண்டுகோள். தடிகளில் ஒன்று இப்போது உளுத்து, ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. திவசத்துக்கு உறவினர் வருகிறார்களே, மாற்றிப் போடவா என்று சுடலைமுத்து அண்ணன் கேட்கிறார். அம்மாவும் மாற்றத்தான் சொல்கிறார்கள். புதன்கிழமை வரை யாரும் ஒரு கட்டையைக்கூடத் தொட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் சுற்றுவழியில் வர வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். மற்றவர்கள் சிரமத்தைப் பொறுக்க வேண்டும். இப்படிக் கேட்பது சரியா என்று எனக்கே தெளிவில்லை. வருகிறவர் விழுந்துவிடக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தவர்கள்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். புதன்கிழமை நான் கால்வாயில் இறங்கி நிற்பேன். வரும் அதிகாரி தடியில் கால் வைத்ததும் கையை நீட்டுவேன். அவர் விழ மாட்டார். அப்பா பெயருக்கு அந்தக் குறை வர விட மாட்டேன். ஆனால் அப்பா என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

"பைய வாங்க சார். என் மூஞ்சியப் பாக்காண்டாம், தண்ணியப் பாருங்க."