சாட்சிக் கையெழுத்து

திருச்சி ஜில்லா கோர்ட்டில் எனக்கு மொழிபெயர்ப்பு உத்தியோகம். சாட்சி தமிழில் அழுவார். நான் கண்ணீரை நீக்கிவிட்டு, மிச்சத்தை இங்கிலீஷில் ஜட்ஜுக்குச் சொல்வேன். வாக்குமூலத்தின் அடியில், ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார்’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு அர்த்தம் உண்டு என்பது கோர்ட்டில் இருக்கும்போது எனக்குத் தோன்றியதேயில்லை.

இந்தத் திறமையெல்லாம் காவேரிப் பாலத்தைத் தாண்டினால் செல்லாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. என் மனைவி தூணைப் பார்த்து, “காபி ஆறிண்டிருக்கு” என்பாள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து, “வரேன்” என்பேன். முக்கியமான சமாசாரமானால் என் தமக்கை மூலமாகப் போகும். பெரியவர்கள் என்று வீட்டில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். எங்களுக்கு அவளே தந்தி ஆபீஸ். குழந்தை இல்லை என்ற ஒரு குறையைத் தவிர, சண்டையே இல்லாத குடித்தனம். சண்டை போடவும் நேரே பேச வேண்டுமல்லவா?

மனைவிக்கு உதிரப்போக்கு நிற்காமல் போகவே, திருச்சியில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் வெள்ளைக்கார அம்மாள். என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னாள். கர்ப்பப்பையில் கட்டி, பையையே எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் உயிர் நிற்காது, எடுத்தால் குழந்தை கிடையாது. நான் நடுவே சில கேள்விகள் கேட்டேன். இலக்கணப் பிழை இல்லாத கேள்விகள். என் இங்கிலீஷை டாக்டர் மெச்சினாள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அக்காவிடம், “கட்டியை எடுக்கப்போறா. அவகிட்ட சொல்லிடு” என்றேன். அக்கா உள்ளே போய், “எல்லாம் சரியாயிடுமாம்” என்றாள். தந்தி என்றால் சுருங்கத்தானே செய்யும்?

மறுநாள் காலையில் ஆபரேஷன். பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போதே நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வார்டு வாசலில் நர்ஸ் வழியை மறித்தாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த, நடுத்தர வயசு அம்மாள். கையில் என் கையெழுத்துள்ள காகிதம்.

“சார், இதுல நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நோயாளிக்கு வெளக்கிச் சொல்லியாச்சு, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு. நான் போடமாட்டேன்.”

“ஏன்? புருஷன் நான். நான்தான் போட்டாச்சே?”

“நீங்க போட்டீங்க. நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மா எங்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? ‘கட்டியை எடுத்துட்டா அடுத்த வருஷம் உண்டாயிடுவேனா’ன்னு கேக்கறாங்க. டெம்பரேச்சர் பாக்கணும், வாயை மூடிக்குங்கன்னுட்டு வந்துட்டேன்.”

“நீங்களே பதமா சொல்லிடுங்களேன்” என்றேன்.

“நல்லா இருக்கே! டாக்டர் சொல்லவேண்டியதை நர்ஸ் சொன்னா சும்மா விடுவாங்களா? முன்னாடி ஒரு அம்மாவுக்கு மனசு கேக்காம சொல்லிட்டு, தண்டனையா காய்ச்சல் வார்டு டூட்டி பாத்தேன். டாக்டரம்மாவுக்கு வர்ற தமிழு ‘வலிக்குதா’, ‘நாக்கை நீட்டு’. அதோட சரி. நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்.”

“அக்கா வந்துடட்டும். அவ மூலமா…”

“ஆபரேஷன் அக்காவுக்கா சார்?”

அக்கா வந்ததும், துணி அலசிக்கொண்டு வரச் சொல்லி அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டாள் நர்ஸ்.

ஆபரேஷனுக்காக என் மனைவிக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி படுத்திருந்தாள். வார்டில் தூண் கிடையாது. கட்டில் கம்பியைப் பார்த்து ஆரம்பித்தேன்.

“அதாவது, கர்ப்பாசயம் அகற்றப்பட்டு, அதன் பின்னர்…”

“சார், வீட்டுல பேசறமாதிரி சொல்லுங்க” என்றாள் நர்ஸ். வீட்டில் நாங்கள் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

“கர்ப்பப்பையையே எடுத்துடுவா. இனிமே குழந்தை பொறக்காது.”

சொல்லிவிட்டேன். அப்போது மனசு என்ன பாடுபட்டது என்று கேட்டால், ஒரு பாடும் படவில்லை. கால் மரத்துப்போனால், கீழே குனிந்து பார்த்துத்தான் கால் இருக்கிறதென்று நிச்சயப்படுத்திக்கொள்கிறோம். எனக்கு எங்கே குனிந்து பார்ப்பதென்று தெரியவில்லை.

அவளும் கம்பியையே பார்த்துக் கேட்டாள். “எடுக்காட்டா?”

“உசிருக்கு ஆபத்துங்கறா.”

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“ஆச்சு. நேத்திக்கே.”

“அப்புறம் இன்னிக்கு எதுக்குச் சொல்றது?”

கோபமில்லை. ஜட்ஜ் சந்தேகம் கேட்கிற குரல். நர்ஸ் குனிந்து, “அம்மா, வேண்டாம்னா இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். நான் போய் டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றாள். “சொன்னா என்னைத்தான் சொல்லுவாங்க” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “அந்தக் காகிதத்துல இவர் கையெழுத்துக்கு மேல இடம் இருக்கா?” என்று நர்ஸைக் கேட்டாள்.

மேலே இடமில்லை, ஓரத்தில் இருந்தது. படுத்தபடியே தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் சரிந்துகொண்டே போய் என் கையெழுத்தில் முட்டி நின்றன. பிறகுதான் நர்ஸ் தன் கையெழுத்தைப் போட்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, சட்டப்படி இது தேவையில்லையே என்று என்னிடம் சொன்னாள். நர்ஸுக்கு மொழிபெயர்த்தேன். “இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் நர்ஸ். அதையும் மொழிபெயர்த்தேன். என் உத்தியோகம் அது.

உச்சிவேளைக்குச் சற்று முன் ஆபரேஷன் அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“டாக்டரம்மா வந்து சொல்லுவாங்க. நான் சொல்லக்கூடாது” என்றாள். “நீங்க போயி நிம்மதியா ஒரு காபி சாப்பிட்டு வாங்க.”

போய்க் காபி சாப்பிட்டேன். சர்க்கரை போட்டிருந்தானா என்று இன்றுவரை தெரியாது.

வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அக்கா கூடத்துக்கு வந்து, “ஏண்டா, அவ கேக்கறா…” என்று தொடங்கினாள்.

“நானே கேட்டுக்கறேன், அக்கா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, அக்கா எதிரிலேயே என் முகத்தைப் பார்த்து நின்றாள். “குழந்தை பொறந்தா, கோவில்ல தாயாருக்கு வெள்ளித் தொட்டில் சமர்ப்பிக்கறேன்னு வேண்டிண்டிருந்தேன். இனிமே அது இல்லைன்னு நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்கோ.”

“நானா?”

“பின்னே, அக்காவையா அனுப்பறது?”

தாயார் சந்நிதியில் கூட்டமில்லை. “என்ன பிரார்த்தனை?” என்றார் அர்ச்சகர்.

“பிரார்த்தனை ஒண்ணுமில்லை ஸ்வாமி. ஒரு சமாசாரம் விண்ணப்பம் பண்ணணும்.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். எதிரே தாயாரின் முகத்தைப் பார்த்தேன்.

“கர்ப்பப்பையை எடுத்துட்டா. குழந்தை பொறக்காது” என்றேன்.

அர்ச்சகர் தீர்த்தம் சாதித்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.