சாரைத் தனியா பாருங்க

எங்கள் வங்கியில் விவசாயக் கடன் பிரிவு என்பது இரண்டு மேசை, ஒரு பீரோ, இழுத்தால் பாதியில் நின்றுவிடும் ஒரு டிராயர், அவ்வளவுதான். ஒரு மேசை என்னுடையது, மற்றது லோன் சாருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது, சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். அதனால் அவரைப் பற்றி நல்லதும் சொல்வேன், மற்றதும் சொல்வேன்.

முதலில் நல்லது. விடியும்போதே தன் தோட்டத்தில் இருப்பார். தம்பியோடு சேர்ந்து நான்கு ஏக்கரில் மாதுளை. குளித்து, பேன்ட் மாட்டி, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் சீட்டில் இருப்பார், ஆனால் நகக்கண்ணில் மண் இருக்கும். "கையைக் கழுவிட்டு ஃபைலைத் தொடக்கூடாதாய்யா?" என்று மேனேஜர் கேட்டால், "கழுவிட்டுத்தான் சார் வந்தேன், அது போக மாட்டேங்குது" என்பார். கடன் கேட்டு வருகிறவர்களிடம் எப்போதும் ஒரே பேச்சு: "நான் போட்டுப் பார்க்காததை உங்களுக்கு எழுத மாட்டேன்."

ஜனங்கள் சும்மாவா இருப்பார்கள்? வங்கிக்கு வருவதற்கு முன் அவர் தோட்டத்து வேலியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அவர் சொட்டுநீர்க் குழாய் போட்டால் அந்த மாதம் பத்துப் பேருக்கு சொட்டுநீர் ஆசை வந்துவிடும். அவர் மாதுளை வைத்தார், முப்பது குடும்பம் மாதுளை வைத்தது. நடுவதற்கு, கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த பதியன் கன்றும் அவர் மரங்களிலிருந்துதான், காசு வாங்காமல் கொடுத்தார். ஒரு டீகூட யாரிடமும் வாங்கிக் குடித்தவர் இல்லை. அதில் அவருக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன்.

மாதுளை ஐந்தாம் வருடம் காய்த்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் நாலு மரம் மஞ்சளாகி வாடியது. இது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும். தண்டை வெட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டைக்குள் கறுப்பாகத் திட்டு ஓடியிருந்தது. வாடல் நோய். மண்ணில் பரவும், பதியனிலும் பரவும். வந்த மரத்தைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

"பிடுங்கிடலாம்ணா. எல்லார்கிட்டயும் சொல்லியும் விட்ரலாம்" என்று தம்பி சொன்னாராம்.

"சொன்னா பழ வியாபாரி நாளைக்கே வண்டியைத் திருப்பிடுவான். முப்பது வீட்டுப் பழமும் மரத்துலயே அழுகும். அறுவடை முடியட்டும்."

அவர் சொன்னது உண்மைதான். அவருக்கு வெட்கமாக இருந்தது என்பதும் உண்மை. எது பெரிய உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பம்பு மெக்கானிக் வந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விரல்களெல்லாம் ஸ்பேனர் வழுக்கிய காயம். இருபது வருடம் அடுத்தவர் கிணற்றில் இறங்கி ஏறி, அவரும் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார்கள். அதில் மாதுளை வைக்கக் கடன் வேண்டும். ஃபைலில் ஒரு குறை கிடையாது, நானே சரிபார்த்தேன்.

லோன் சார் அந்த ஃபைலை டிரேயில் அடியில் போட்டார். "அடுத்த வாரம் வாப்பா" என்றார். மண் பரிசோதனையை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். "வேற ஏதாவது யோசிச்சுப் பாரேன்" என்றார்.

"நீங்க மாதுளைதானே சார் வெச்சிருக்கீங்க?" என்றார் மெக்கானிக்.

லோன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறு தடவை நடந்த மனுஷன் ஏழாவது தடவை என் மேசைக்கு வந்தார். "என்னம்மா விஷயம்? உங்களுக்காவது தெரியுமா?" அன்றைக்கு எனக்குத் தணிக்கை வேலை, தலைக்கு மேல் ஃபைல். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "எனக்கென்னங்க தெரியும்? சாரைத் தனியா பாருங்க."

ஓரமாக உட்கார்ந்து மனசுவிட்டுக் கேளுங்கள் என்பதுதான் என் அர்த்தம். ஆனால் ஒரு ஆபீஸில், ஏழு தடவை அலைந்தவனிடம், மேசைக்குப் பின்னால் இருப்பவள் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மண் பரிசோதனைத் தாள்களுக்கு நடுவில் ஒரு கவரை வைத்து மெக்கானிக் நீட்டினார். லோன் சார் பிரித்தார். கவுண்டரில் வரிசை நிற்கிறது, அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"என்னப்பா இது?"

"தப்பா நினைக்காதீங்க சார். ஏதோ என்னால முடிஞ்சது."

"இதுக்காகத்தான் உன்னை இழுத்தடிச்சேன்னு நினைச்சியா? என்னையா? யாரைப் பார்த்து என்ன நினைச்சே நீ?" கவரை மெக்கானிக்கின் சட்டைப் பையிலேயே திணித்தார். பேனாவை எடுத்தார். ஐந்து இடத்தில் கையெழுத்து, ஒரு இடத்தில் தாளே கிழிந்தது. "டைப் அடிம்மா. இன்னைக்கே போகணும்."

அடித்தேன். "மனுஷன்னா இவர்தான்யா" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். லோன் சார் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

எல்லாரையும் போலக் கன்று கேட்டு மெக்கானிக் லோன் சார் தோட்டத்துக்கே போனார். கன்று இல்லை என்றால் ஏன் இல்லை என்று லோன் சார் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முன்வரிசை மரங்கள் பச்சைப் பசேலென்று இருந்தன. அதிலிருந்து அறுநூறு கன்று ஏறிப் போனது. அறுவடையும் முடிந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வருடம் மெக்கானிக்கால் தவணை கட்ட முடியவில்லை. விதிப்படி இரண்டு பேர் போய்த் தோட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். நானும் லோன் சாரும் போனோம். வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிந்தது, பாதித் தோட்டம் மஞ்சள். இன்னும் ஒரு காய்கூட எடுக்காத மரங்கள். லோன் சார் பேனாக்கத்தியால் ஒரு தண்டைச் சீவினார். பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பின்வரிசை, தம்பி சொன்னது, வியாபாரி, ஒன்றையும் மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான் இழுத்தேன். உன்னை எப்படியாவது வேற பயிருக்குத் திருப்பிடலாம்னு பார்த்தேன். நீ கவரை நீட்டினதும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கோவத்துல போட்டுட்டேன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். இவங்கதான் சொன்னாங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை லோன் சாரிடம் சொல்லவில்லை.

மெக்கானிக்கின் மனைவி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். சாதாரணமாகத்தான் பேசினார்.

"கோவம் வந்தா இவரை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே சார். கையெழுத்தை எதுக்குப் போட்டீங்க?"

எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது, ஆய்வுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அழுவது?

பிறகு மெக்கானிக் லோன் சார் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"விடுங்க சார். எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடறேன். அப்புறம் இந்த மண்ணுல என்ன போடலாம்? நீங்க சொல்லுங்க."

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"தெரியலப்பா" என்றார் லோன் சார்.

அதற்கு மேல் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து, மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.