வெர்லினும் அவனுடைய நான்கு பாட்டரிகளும்

வெர்லின் ஸ்ட்ராட் மாதிரி ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. காசில் இல்லை. காசு விஷயத்தில் கை தாராளம். கூட உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பீர் வாங்கித் தருவான். அவன் கஞ்சத்தனமெல்லாம் மின்சாரத்தில்.

குவார்ட்சைட் பாலைவனத்தில் குளிர்காலம் பூராவும் வீட்டு வண்டியை நிறுத்திக்கொண்டு கிடக்கிற எங்களுக்கு மின்கம்பம் கிடையாது. கூரைமேல் சோலார் பலகை, வண்டிக்கு அடியில் பாட்டரி, இவ்வளவுதான் பிழைப்பு. அதனால் பாட்டரியைப் பற்றிப் பேசாத ஆளே இங்கே இல்லை. மற்றவர்கள் பேசுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெர்லின் பூஜையே செய்வான். தினமும் மண்டியிட்டு உட்கார்ந்து, நான்கு பாட்டரியின் முனைகளையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரை மருந்து ஊற்றுவது போல ஊற்றுவான். பெண்டாட்டி தலைவலி என்றால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பானா, தெரியாது.

நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்து ஆயுளைக் கழித்தவன். லாரி ஏறும், முள் நகரும், இவன் எண்ணைக் கூவுவான். வேலை ஓய்ந்தது, கூவுகிற வியாதி ஓயவில்லை. அவன் மனைவி ஆர்டித்துக்கு நெஞ்சு பலவீனம். அந்த ஊர்ப் பனியில் இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான் வீட்டை விற்று, வண்டி வாங்கி, வெயிலைத் தேடி இங்கே வந்தார்கள். "அவளுக்காகத்தான் வந்தோம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வான்.

பாலைவனத்து வெயில் பகலோடு சரி. ஜனவரியில் பொழுது சாய்ந்தால் வாளித் தண்ணீர் கல்லாகிவிடும். வண்டி ஹீட்டர் ஓடுவது கேஸில்தான், ஆனால் சூட்டை உள்ளே தள்ளுகிற காற்றாடிக்குப் பாட்டரி வேண்டும்.

மாலையில் அவரவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். வெர்லின் தொண்டையைச் செருமிக்கொள்வான்.

"இன்னிக்குக் காலையில எவ்வளவு தெரியுமா? பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட்! ராத்திரி முழுக்கப் போயும் ஒரு சொட்டு இறங்கல!"

கனடாக்காரன் ஆர்வில் வாயைப் பிளப்பான். "எனக்குப் பன்னிரண்டு புள்ளி ரெண்டுதான்யா. நீ எப்படிப்பா பண்றே?"

"கட்டுப்பாடு வேணும் ஆர்வில், கட்டுப்பாடு."

எல்லோரும் கை தட்டுவார்கள். பக்கத்தில் ஆர்டித் இருமிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் அவளுடைய கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வண்டி ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. ஆர்டித் கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, ஹீட்டர் கெட்டுப்போச்சா?" என்றேன்.

"புதுசு மாதிரியே இருக்கு நெட்ரா. போட்டாத்தானே கெடும்?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "காத்தாடி ஒரே ராத்திரியில பாதி பாட்டரியைக் குடிச்சிடுமாம். பாதிக்குக் கீழே போனா ஆயுசு குறைஞ்சிடுமாம்."

"யாருக்கு?"

"பாட்டரிக்குத்தான்."

நாங்கள் தினமும் கை தட்டியது இந்தக் குளிருக்குத்தான். நேரே வெர்லினிடம் போனேன். வண்டிக்கு அடியில் தலையை நுழைத்திருந்தான்.

"உனக்குப் புரியாது நெட்ரா. இதுங்களை ஒழுங்கா வெச்சுக்கிட்டா எட்டு வருஷம் வரும்."

"ஆர்டித்தை ஒழுங்கா வெச்சுக்கிட்டா எத்தனை வருஷம் வரும்?"

அவன் பிரஷ்ஷை எடுத்து அடுத்த முனையைத் தேய்க்க ஆரம்பித்தான்.

மாதம் ஒருமுறை அவனுக்கு ஒரு திருவிழா உண்டு. ஜெனரேட்டரைப் போட்டு, வண்டிக்குள் போகிற மின்சாரத்தை அறவே துண்டித்துவிட்டு, பாட்டரிக்குள் இருக்கிற திராவகம் கொப்பளிக்கும்வரை சார்ஜ் ஏற்றுவான். பாட்டரிக்குள் இருக்கிற சின்னச் சின்ன அறைகள் எல்லாவற்றிலும் சார்ஜ் சமமாக வேண்டுமாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு குழாயில் திராவகத்தை உறிஞ்சி அளந்து பார்ப்பான். அப்படி ஒரு திருவிழா நாளில் ஆர்டித்துக்கு மூச்சு திணறியது. உதடு நீலம் பாரித்துவிட்டது.

"பார்க்கர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், வண்டியை எடு" என்று கத்தினேன்.

"கொதிச்சிட்டிருக்கு நெட்ரா. நடுவுல விட்டா எல்லாம் வீணாப்போயிடும். இன்னும் கொஞ்ச நேரம்தான்."

கைக்கெட்டும் தூரத்தில்தான் ஜெனரேட்டரின் சுவிட்ச். சின்னக் குழந்தைகூட அணைக்கும். நான் அவளைத் தாங்கிப்பிடித்து என் வண்டியில் ஏற்றினேன். கையில் குழாயோடு ஜன்னல் அருகே வந்தான்.

"போயிட்டு வா கண்ணு. இங்கே நான் பார்த்துக்கறேன்" என்றான்.

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான்? அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நிமோனியா. மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று அவன் சொன்ன முதல் வார்த்தை, பாட்டரியில் எல்லா அறையும் சமமாக வந்துவிட்டது என்பதுதான். நர்ஸ் நிஜமாகவே நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தாள், பாவம்.

உடம்பு தேறியதும் ஆர்டித் பாலைவனத்துக்குத் திரும்பவில்லை. பார்க்கரிலேயே ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டாள். சுவரில் மின்சார ஹீட்டர் உள்ள அறை.

வெர்லின் இன்னும் வட்டத்துக்கு வருகிறான். இன்னும் எண்ணைக் கூவுகிறான். இப்போது எவரும் கை தட்டுவதில்லை. ஒருநாள் ஆர்வில் மட்டும் "ஆர்டித் எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருப்பா" என்றான் வெர்லின். போய்ப் பார்த்தவனாக இருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லோரும் கலைந்தபிறகு என்னிடம் வந்தான். முகம் ஒடுங்கியிருந்தது.

"பார்க்கர் போறியாமே நெட்ரா? அவளை வந்துடச் சொல்லு. வண்டி வெறிச்சோடிக் கிடக்கு. இனிமே ஹீட்டர் போட்டுக்கலாம்னு சொல்லு."

மனுஷன் திருந்திவிட்டான் போலிருக்கிறதே என்று எனக்கே ஒரு நிமிஷம் இரக்கம் வந்துவிட்டது. பத்தடி போனவன் திரும்பினான்.

"படுக்கறதுக்கு முன்னாடி, ஒரு அரை மணி நேரம்."

அப்படியே போய் ஆர்டித்திடம் சொன்னேன், அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்து. அவள் சட்டைக்கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். சுவர் ஹீட்டரின் குமிழை இன்னும் கொஞ்சம் மேலே திருப்பினாள்.

"இரு நெட்ரா, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.