கிடாவுக்குப் போட்ட ஊசி

போன சித்திரையில், விருத்தாசலத்தை அடுத்து மங்கலம்பேட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் நிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தோம்; ஊர் ஊராகப் போகும் மந்தையைச் சில நாள் வயலிலேயே அடைத்து வைப்பது. நான் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போகிறவள். போகிற வழியில் கிடைக்காரர்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிட்டுப் போவேன்.

கணவன், மனைவி இரண்டே பேர். அந்த அக்காவுக்கு விரல் மூட்டும் முழங்காலும் எப்போதும் வீங்கியே இருக்கும். காலையில் எழுந்து நிற்கவே கம்பு வேண்டும். ஆனால் மதியம் பார்த்தால் ஆட்டுக்குப் பின்னால் ஓடுவார். எப்படி என்று கேட்டால், ஊசி போட்டுக்கொள்வேன், சரியாகிவிடும் என்பார். பரவாயில்லையே, டாக்டரிடம் போகிறாரே என்று மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். நொண்டிக்கொண்டிருந்த கிடா ஒன்றைப் பிடித்து அவர் கணவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அதே பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் மருந்தை ஏற்றினார். அடுத்த ஆட்டுக்கு என்று நினைத்தேன். அக்கா வந்து உட்கார்ந்து தோளைக் காட்டினார். ஊசியைக்கூட மாற்றவில்லை. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், ஊசி வைத்திருந்த கணவரின் கையைப் பிடித்துவிட்டேன்.

வருஷக்கணக்காக இப்படித்தானாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கண்டபடி திட்டினேன். அக்கா கோபப்படவில்லை.

"ஆட்டுக்கு ஒண்ணுன்னா டாக்டரு கிடைக்கே வராரு. எங்கள யாரு பாக்க வராங்க? மறுக்கா வாங்கன்னு ஆஸ்பத்திரில சொல்ற நாளுக்கு நாங்க வேற ஊர்ல இருப்போம்."

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் விவரம் சொன்னார். மூட்டுகளில் அழற்சி பல வருஷமாகவே இருக்கிறதாம். ஆட்டு மருந்து வலியை மட்டும் மறைத்துவிட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காப்பாற்றுவதே கஷ்டம் என்றார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "ஊசிய நிறுத்திட்டா ஆட்டு பின்னால எப்புடிங்க நடப்பேன்?"

இப்போது வேப்பூரில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கிறார். வீக்கம் வடிந்திருக்கிறது, ஆனால் கிடைக்குப் போவதில்லை. எங்கள் பக்கம் கிடை பேச யார் வந்தாலும் நிலத்துக்காரர்கள் எல்லோரும் எத்தனை ஆடு என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். அவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, ஆடுகளெல்லாம் நன்றாக இருப்பதாகப் பதில் சொல்வதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது.