நான் எரிக்கச் சொன்ன கடிதம்

நாகப்பனின் படிப்பைக் கெடுத்தவன் நான். சர்க்கார் அல்ல, வறுமையும் அல்ல... நான்.

நீங்கள் பாகூர்ப் பக்கம் வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். மேரி என்னும் பிரெஞ்சு நகராட்சிக் கச்சேரியின் கதவில் ஒட்டும் பிரெஞ்சு அறிவிப்புகளை ஊருக்கு உரக்கப் படித்துச் சொல்கிறவன் நான்தான். படிப்பை விட்ட பிள்ளை பதினாறு முடிவதற்குள் திரும்பி வந்தால் சர்க்கார் பள்ளி சேர்த்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தையும் நானே படித்தேன். தகப்பன் பாம்பு கடித்துச் செத்தபின் படிப்பை விட்டுக் கரும்பு வெட்டப் போனவன் என் வகுப்புத் தோழன் நாகப்பன். வயது பதினைந்து. அவனுக்கு மனுவும் நானே எழுதினேன். அன்று என் மனம் சுத்தமாகத்தான் இருந்தது... இருந்ததா?

பதில் வந்தபோது அவன் மண்ணாடிப்பட்டில் வெட்டுக்குப் போயிருந்தான். எழுத்தறியாத அவன் தாய் அஞ்சலை கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள்.

"இன்னா தம்பி போட்டிருக்கு?"

பிறப்புப் பதிவு சரி, உரிமை உண்டு, பதினைந்து நாளில் வந்து சேரவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவன் இருந்தவரை வகுப்பில் நான் இரண்டாவது. அவன் போன பிறகே முதல்வன். ஒரு மூச்சு விடும் நேரம்தான்...

"முடியாதுன்ட்டான் சின்னம்மா. வயசக் கொறச்சி சொன்னதுக்குக் கேசு போடுவானாம்."

"ஐயோ, புள்ளய ஜெயில்ல போட்டுடுவானா?"

"காயிதம் வூட்ல இருந்தாதான் வம்பு. அடுப்புல போட்டுடு."

கூடவே போனேன். அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன். அவள் மோர் கொடுத்தாள். குடித்தேன்.

திரும்பி வந்த நாகப்பன் என்னைச் சந்தேகிக்கவில்லை. கச்சேரியில் போய்க் கேட்கவும் பயந்தான். அவனுக்குப் பதினாறு முடிந்த அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். இப்படியும் ஒருவன் இருப்பானா என்கிறீர்களா? இருக்கிறேன்.

சென்ற மாதம் தன் தங்கை பச்சையம்மாளை அழைத்துவந்தான். அவன் கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள்.

"இவளுக்கு பிரெஞ்சு சொல்லிக்குடுறா. இனிமே நான் வெட்டுக்குப் போயிருக்கறப்ப காயிதம் வந்தா வூட்லயே படிச்சிக்கணும். எத்தினி தபாதான் உன்னத் தொந்தரவு பண்றது?"

அவளுக்கு எட்டு வயது. நான் ஒரு வாரம் உருப்போட்டதை அவள் இரண்டே நாளில் ஒப்பித்தாள். அண்ணனின் அதே வேகம்... அதே கண்கள்.

நேற்று அவள் பலகையை வாங்கி, எழுதியிருந்ததை அழித்தேன்.

"உனக்கு இது வராது பாப்பா. நாளையிலேருந்து வராத."

அவள் அழவில்லை. பலகையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தபடி, போகுமுன் என்னைக் கும்பிட்டாள்.