நாத்தனார் அட்டையில் போட்ட ஊசி

எழுபதுகளின் கடைசியில், உத்தமபாளையத்தை அடுத்த அனுமந்தன்பட்டியில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் போட்டிருந்த மருத்துவ முகாமில் நடந்தது இது. அப்போது நான் மதுரையில் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மூட்டுக் காய்ச்சலால் இதயம் கெட்டுப்போனவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு, பலனைக் குறித்துவைப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆளுக்கு ஒரு அட்டை. அவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று நல்ல கூட்டம். மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று பறந்துகொண்டிருந்தேன். அட்டையிலிருந்த பெயரைக் கூப்பிட்டதும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ‘பரிசோதனை ஊசி ஒத்துக்கொண்டது, இதுவரை நான்கு ஊசி’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பிறகென்ன? போட்டுவிட்டேன்.

அடுத்த அட்டையை எடுத்திருப்பேன். “டாக்டரம்மா, நெஞ்ச அடைக்குது” என்றாள். திரும்பினால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தாள். நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஐயோ, கொன்றுவிட்டேனே!

ஒவ்வாமையை முறிக்கும் மருந்து பெட்டியின் அடியில் கிடந்தது. பஞ்சு, அட்டைக்கட்டு எல்லாவற்றையும் தரையில் கொட்டித்தான் என்னோடு வந்திருந்த நர்ஸ் அதை எடுத்தார். குப்பியின் கழுத்தை உடைத்த அவசரத்தில் என் விரல் கிழிந்தது. ஊசி போட்டு, அவள் கால்களைத் தூக்கிப் பிடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. “ஆத்தா, கைப்புள்ளக்காரியாச்சே!” என்று வாசலில் யாரோ அலறினார்கள். இரண்டாவது ஊசியும் போட்டேன். எத்தனை நிமிடமோ தெரியாது, என் விரலுக்கடியில் நாடி மெல்லத் தட்டியது.

அவள் தெளிந்து பேச ஆரம்பித்ததும் என் பயமெல்லாம் கோபமாகிவிட்டது. “நாலு ஊசி ஒத்துக்கிட்ட உடம்புதானே? இன்னைக்கு என்னத்தம்மா சாப்பிட்டுத் தொலைச்சே?” என்று அதட்டினேன்.

“அந்த நாலும் எங்க நாத்தனாருக்குப் போட்டது டாக்டரம்மா. அவுக மலையில ஏலக்காத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போயிட்டாக. ‘ஊசி வீணாப் போகுது, உனக்கும் மூட்டுவலிதான, நீ போயி போட்டுக்க’ன்னு அட்டையக் குடுத்துவிட்டாக.”

“பேரைக் கூப்பிட்டப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க நிமிந்து பாத்தா சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க பாக்கவே இல்லையே.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த நாத்தனாரை நான்கு முறை எதிரே உட்காரவைத்து ஊசி போட்டவள் நான். அவளுடைய இதயத் துடிப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். முகம் மட்டும் நினைவில் இல்லை.

அதன்பிறகு எத்தனையோ வருடம் பாடம் நடத்தினேன். கடைசியில், ஆஸ்பத்திரி அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது. பெயரைத் தட்டினால் ஒருவரின் மொத்த வைத்தியமும் திரையில் வந்து நிற்கும். எனக்கு அதில் பெருமைதான். ஆனால், திரையைப் பார்த்துக்கொண்டே நோயாளியிடம் பேசும் மாணவர்களைக் கண்டால் இன்றைக்கும் எரிந்து விழுகிறேன். தங்களைத் திட்டுவதாக அவர்கள் நினைக்கிறார்கள். நான் திட்டுவது, அன்று அந்த வகுப்பறையில் நிமிர்ந்து பார்க்காத டாக்டரம்மாவை.