ரோஸ் அண்ணியும் ஒற்றை அச்சும்

என் அண்ணன் மனைவியைப் பட்டறையில் எல்லாரும் ரோஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. நர்சிங் பள்ளிகளில் பாடம் நடத்தவும் டாக்டர்கள் விளக்கிக் காட்டவும் ரப்பரில் உடலுறுப்பு மாடல்கள் செய்யும் பட்டறை அது. காது, இதயம், சிறுநீரகம் எல்லாம் செய்வோம். அண்ணியின் மேஜைக்கு வருவது பெண்ணுறுப்பு மாடல் மட்டும். அதற்கு ரோஸ் பெயிண்ட் அடித்து அடித்து அவள் நகக்கண்ணெல்லாம் ரோஸாகிவிட்டது. பக்கத்து மேஜையில் எனக்குப் பேக்கிங் வேலை. கையைவிட வாய்க்குத்தான் அதிக வேலை.

அண்ணி பயந்தாங்கொள்ளி இல்லை. கேஸ் சிலிண்டரைத் தனியாளாக மாடிக்குத் தூக்கிப் போவாள். என் அண்ணனை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் டாக்டர் என்றால் மட்டும் பேச்சை மாற்றினாள். மாதவிலக்கு வந்தால் நிற்பதே இல்லை. முகம் வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இப்படியே விட்டால் இவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். என்னால் அரை நாள்தான் முடிந்தது. கடைசியில் ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், காய வைத்திருந்த மாடல் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நான் இப்படி இல்லடி."

"எப்படி இல்ல?"

"இதுல உள் உதடு ரெண்டும் சின்னதா, அளவெடுத்த மாதிரி, ரோஸா இருக்கு பாரு. எனக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. இடது பக்கம் இன்னும் நீளம். கலரும் கருப்பு. கல்யாணமாகி இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே கண்ணாடி வச்சுப் பாத்துட்டேன். ஏதோ கோளாறு."

"பிரசவத்துல நர்ஸுங்க பாத்திருப்பாங்களே. ஒண்ணும் சொல்லலையா?"

"பாவம், புள்ள பெத்த உடம்புன்னு விட்டிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆறுதல் சொல்லலாம் என்றால் நான் என்னுடையதைப் பார்த்ததே இல்லை. பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்பியிருக்கிறேன், சொந்தச் சரக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது! அன்று சாயங்காலமே கைக்கண்ணாடியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அண்ணன் முகச்சவரம் செய்ய வேண்டும் என்று கதவைத் தட்டித் தீர்த்தான். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அண்ணி சொன்ன மாதிரியும் இல்லை, மாடல் மாதிரியும் இல்லை. மேலே இருக்கும் மொட்டு மாடலில் கடுகளவு, எனக்குப் பட்டாணியளவு.

நேராகச் சமையலறைக்குப் போய் அண்ணியை மடக்கினேன்.

"எனக்கும் அது மாதிரி இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குமா கோளாறு? நமக்குள்ள ரத்த சம்பந்தம்கூடக் கிடையாது. நாளைக்குக் கிளம்புங்க."

மறுநாள் காலையில் எனக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அண்ணி படுத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என் கையை நசுக்கிய நசுக்கில் மோதிரம் பதிந்துவிட்டது.

"ரொம்ப மோசமா இருக்கா டாக்டர்?"

"எது மோசம்?"

"ஒரு பக்கம் நீளம்... கருப்பு வேற..."

"இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதும்மா. மூக்கு இருக்கா அப்படி? நீளமா, குட்டையா, ஒரு பக்கம் பெருசா, பழுப்பா, கருப்பா, தினமும் பாக்கறேன். வலி, அரிப்பு, கட்டி, நிக்காத ரத்தம், இதுக்கெல்லாம்தான் கவலைப்படணும். நீங்க எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

அண்ணி கண்ணைத் திறந்து டாக்டரின் மேஜையைக் காட்டினாள். அங்கே எங்கள் பட்டறை மாடல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அதோடதான். நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஸ்கேனில் கருப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அதுதான் ரத்தப்போக்குக்குக் காரணம், எடுத்துவிட்டால் போதும் என்றார். கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, சிலருக்கு முன்பக்கம், சிலருக்குப் பின்பக்கம், இரண்டுமே இயல்புதான் என்றும் சொன்னார். "எங்க பட்டறை கருப்பை மாடல் எல்லாமே முன்பக்கம்தான்!" என்று அண்ணி பல்லைக் கடித்தாள். சதையை எடுத்தார்கள். ரத்தம் நின்றது. முகத்துக்கு நிறம் திரும்பியது. கூடவே கோபமும் திரும்பியது.

வேலைக்கு வந்த முதல் நாளே அச்சுக்காரர் முன்னால் போய் நின்றாள். எங்கள் அச்சுகளையெல்லாம் செதுக்கியவர் அவர். சாது மனுஷர்.

"இது யாரைப் பாத்துச் செஞ்சது?"

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "யாரையும் பாக்கலைம்மா. படத்துல மடிப்பெல்லாம் இருந்துச்சு. மடிப்பு வச்சா அச்சுலேருந்து உரிக்கும்போது ரப்பர் கிழியுது. அதான் வழவழன்னு சின்னதா வச்சேன்."

"ரப்பர் கிழியக் கூடாதுன்னு வச்சீங்களா? அதுக்கா நான் இத்தனை வருஷம் என் உடம்பை நெனச்சுக் கூனிக்குறுகினேன்?"

அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புது மாடல்கள் செய்யக் களிமண்ணை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து தங்களுடையது எப்படி இருக்கும் என்று காதில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே பேப்பரில் வரைந்தே கொடுத்தாள். அச்சுக்காரர் ஒற்றை அச்சைக் கைவிட்டு, பிரித்தெடுக்கும்படி துண்டு துண்டாக அச்சு செய்தார். ரப்பர் கிழியவே இல்லை. பழுப்பும் கருப்பும் கலந்து பெயிண்ட் அடித்தோம். ஒரு தட்டு நிறைய விதவிதமாக அடுக்கி டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சில நாள் கழித்து அவர் போன் செய்தார். அண்ணி பெயிண்ட் கையோடு இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒரு அம்மா வந்தாங்க. படுக்கவே மாட்டேன்னு சுவரோரமா நின்னாங்க. தட்டைப் பாத்ததும் ஒண்ணைக் கையில எடுத்தாங்க. 'அட, இது நான்தான்'னு சிரிச்சுக்கிட்டே வந்து படுத்துட்டாங்க."

"எதை எடுத்தாங்க டாக்டர்?" அண்ணி பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

"கருப்பா, இடது பக்கம் நீளமா ஒண்ணு இருக்குமே, அது."

அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பெயிண்ட் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், கேட்டியாடி? எனக்கு ஜோடி கிடைச்சாச்சு!"